வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பதினான்கு பேர் நந்தகோபாலைப் பற்றி ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: நல்ல மனுஷன், பாவம், பிழைக்கத் தெரியாதவர். மற்ற மூன்று பேர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அது அவதூறு. இடம், தேதி, நேரத்தோடு சொன்னால்தான் தகவல். அவருக்குப் பிழைக்கத் தெரியாமல் போனது 1981 பிப்ரவரியில், ஆம்பூருக்கு வெளியே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. அதற்கு முன் இரண்டு வருடம் அவர் நன்றாகவே பிழைக்கத் தெரிந்தவராக இருந்தார். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம் அவருடையது. அண்ணன்மார் இருவரும் தறியில் உட்கார்ந்தார்கள். இவர் புத்தகத்தோடு உட்கார்ந்தார். மெட்ராஸில் நீர் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது தெருவே பெருமைப்பட்டது. மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரர் வயிற்று வலியோடு வந்து உட்கார்ந்தார். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லி அனுப்பியதும் தெருவின் பெருமை பாதியாகக் குறைந்தது.

"ஊசி போடத் தெரியாத டாக்டருக்கு எட்டு வருஷம் எதுக்குப் படிப்பு?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை கிடைக்கும் என்று நம்பித்தான் அவர் 1978இல் அந்த விளம்பரத்துக்கு விண்ணப்பித்தார்.

பாலாற்றங்கரைக் கூட்டாய்வு நிலையம் என்று ஒன்று இருந்தது. அதில் தோல் வேதியியல் பிரிவு ஒன்று, மண்ணியல் பிரிவு ஒன்று. தோல் பதனிடும் டேனரியிலிருந்து வெளியே வருகிற கழிவுநீர் முதல் பிரிவின் வேலை. அது போய்ச் சேருகிற வயல் இரண்டாம் பிரிவின் வேலை. நடுவில் தண்ணீர் ஓடுகிற கால்வாய் யாருடைய வேலையும் இல்லை. அதைக் கவனிக்கத்தான் புதிதாக ஒரு பதவி உண்டாக்கினார்கள்: இளநிலைக் கூட்டாய்வாளர். வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. 'துறைகளுக்கு இடையே உள்ள சுவர்களைக் கடந்து சிந்திக்கும் இளம் விஞ்ஞானி' தேவை என்றது விளம்பரம். மூன்று வருடம் தற்காலிகம். அதன் முடிவில் இரண்டு பிரிவுத் தலைவர்களும் சேர்ந்து பரிந்துரைத்தால் நிரந்தரம்.

'சேர்ந்து' என்ற சொல்லை அவர் கவனிக்கவில்லை. முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் பெரிய எழுத்தில் உள்ளதைத்தான் படிப்பார்கள்.

சுவர் நிஜமாகவே இருந்தது. கட்டிடத்தின் நடுவே, தரையிலிருந்து கூரை வரை, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தோல் வேதியியல் தலைவர் டாக்டர் சுந்தரமூர்த்தி. அந்தப் பக்கம் மண்ணியல் தலைவர் டாக்டர் அருணகிரி. இருவரும் ஏதோ ஒரு பழைய பதவி உயர்வில் மோதிக்கொண்டு பத்து வருடமாக எழுத்து மூலமாக மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரைக் கடந்து சிந்திக்க வந்தவருக்கு இரண்டு பக்கமும் மேசை இல்லை என்றார்கள். சுவர் முடிகிற இடத்தில், வராந்தாவில், குடிநீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டார்கள். இரண்டு பிரிவின் ஆட்களும் தண்ணீர் குடிக்க அங்கே வந்தார்கள். நிலையத்தில் கூட்டு முயற்சி என்று சொல்லத்தக்கது அந்தப் பானை ஒன்றுதான்.

காலையில் அவர் தோல் பிரிவின் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஒரு மணிக்கு அங்கே வெளியேறியதாக எழுதிவிட்டு மண்ணியல் பிரிவில் வந்து சேர்ந்ததாக எழுத வேண்டும். தண்ணீரில் உள்ள உப்பைத் தோல் பிரிவு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கேட்கும். மண்ணியல் பிரிவுக்கு மில்லிகிராம் என்ற சொல்லே பிடிக்காது. மில்லி ஈக்விவலென்ட் என்று கேட்கும். ஒரே கிண்ணத்து உப்புக்கு முற்பகலில் ஒரு எண், பிற்பகலில் ஒரு எண். நந்தகோபால் இரண்டு நோட்டு வைத்துக்கொண்டார். நோட்டுகள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே முதல் ஆறு மாதம் அவர் செய்த ஆராய்ச்சி.

அடுத்து, ஜீப். நிலையத்துக்கு ஒரே ஜீப். திங்கள், செவ்வாய், புதன் தோல் பிரிவுக்கு. வியாழன், சனி மண்ணியல் பிரிவுக்கு. ஞாயிறு விடுமுறை. வெள்ளியன்று டாக்டர் அருணகிரி வெளியே கிளம்ப மாட்டார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இராகு காலம், அதற்குப் பிறகு வெயில். டாக்டர் சுந்தரமூர்த்திக்கும் வெள்ளி வேண்டாம். ஏன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு தலைவர்களும் பெருந்தன்மையாக அந்த நாளைக் கூட்டாய்வுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதற்கான உத்தரவில், மாதிரிகளை அலுவலக வண்டியில்தான் கொண்டுவர வேண்டும், வண்டியின் குறிப்பேட்டில் பதிந்த மாதிரிக்குத்தான் ஆய்வு எண் தரப்படும் என்றும் இருந்தது.

ஆக, வாராவாரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓட்டுநர் சம்பந்தம் ஜீப்பை எடுப்பார். பாலாற்றுக்கரையில் டேனரிகளுக்குப் பின்புறம் போகிற கால்வாயில் ஒரு புட்டி. அங்கிருந்து அரை மைல் தள்ளி மீனாம்பாளின் கிணற்றில் ஒரு புட்டி.

மீனாம்பாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கால்வாயை ஒட்டி இரண்டு ஏக்கர். ஒரு காலத்தில் கரும்பு போட்ட நிலம். இப்போது கேழ்வரகும் கோபமும் மட்டும் விளைந்தன.

"இன்னா சாரு, இன்னிக்கும் தண்ணியா? குடிச்சிப் பாத்தீங்களா?"

"அளந்து பாக்கணும்மா."

"அளக்கறதுக்கு இன்னா கீது. சோறு ஆக்குனா உப்பு போட வேணாம். அந்த ஒரு லாபம்."

கிணற்றில் லிட்டருக்கு இரண்டாயிரத்து எழுநூறு மில்லிகிராம் குளோரைடு உப்பு. கால்வாயில் தொள்ளாயிரம். வாரம் தவறாமல் இதே கதை. கால்வாய்த் தண்ணீரிலிருந்துதான் கிணற்றுக்கு உப்பு போகிறது என்றால், கால்வாயை விடக் கிணறு எப்படி மூன்று மடங்கு உப்பாக இருக்கும்? நந்தகோபால் பாறைகளைப் பற்றிப் படித்தார். ஆவியாதலைப் பற்றிப் படித்தார். சம்பந்தத்துக்கு இந்தக் கவலை இல்லை. "வெள்ளிக்கெழம டியூட்டி நல்லதுதான் சார். நாத்தம் கம்மி" என்பார். நந்தகோபால் அதையும் கேட்டுக்கொண்டு பாறைகளைப் பற்றியே படித்தார்.

1979 தை மாதத்தில் ஒருநாள், கால்வாய்க்கரையில் குனிந்து புட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

"இன்னா டாக்டர் சாப், வாரம் தவறாம ஜும்மாவுக்குக் கரெக்டா வந்துடறீங்க. தொப்பி ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

ஜியாவுதீன். எதிரே இருந்த டேனரியில் மேஸ்திரி. வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை. தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி எடுக்க வந்தேன் பாய்."

"எந்தத் தண்ணி?"

"உங்க டேனரித் தண்ணி."

ஜியாவுதீன் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. "இன்னிக்கி ஏது டேனரித் தண்ணி? வெள்ளிக்கெழம டேனரி லீவு. டிரம்மு நிக்குது, தொட்டி நிக்குது. இது வாட்ச்மேன் வாசல் கழுவன தண்ணி சாப். இதையா ஆறு மாசமா ஜீப்ல ஏத்திக்கினு போறீங்க? செவ்வாக்கெழம வாங்க, தோல் ஊறப் போட்ட தொட்டியத் தொறந்து உடுவோம். மூக்க மட்டும் வீட்ல வெச்சிட்டு வாங்க."

ஆம்பூரில் வெள்ளிக்கிழமை டேனரி இல்லை என்பது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். நந்தகோபாலுக்கும் தெரியும். ஆனால் அவர் டேனரிக்குப் போகவில்லையே, கால்வாய்க்கல்லவா போனார். கால்வாய்க்கு வார விடுமுறை உண்டு என்று அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். ஜியாவுதீன் சொன்னது போலவே தொட்டியைத் திறந்துவிட்டிருந்தார்கள். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன்மேல் அப்பியிருந்த உப்பு முழுவதும் கரைந்து பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு லிட்டர் கேனில் பிடித்துக்கொண்டு திரும்ப பஸ் ஏறினார். அது மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கண்டக்டர் கேனையே பார்த்தார்.

"இன்னா சார் அதுல?"

"தண்ணி."

"எந்தத் தண்ணின்னு எங்களுக்குத் தெரியாதா? தொறங்க."

திறந்தார். முன்சீட்டில் இருந்தவர்கள் பின்சீட்டுக்கும் பின்சீட்டில் இருந்தவர்கள் ஜன்னலுக்கும் நகர்ந்தார்கள். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. கண்டக்டர் விசிலை ஊதினார். "சாராயமா இருந்தாக்கூட உட்டுட்டிருப்பேன் சார். எறங்குங்க, எறங்குங்க." விஞ்ஞானி நாலு மைல் நடந்து வந்தார்.

ஆய்வு எண் இல்லாத மாதிரிக்கு வேதிப்பொருள் தர மாட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைத் தண்ணீரில் உப்பு கம்மியாக இருந்ததால் உப்பை அளக்கிற சில்வர் நைட்ரேட் வாராவாரம் மிச்சமாகியிருந்தது. அதை வைத்து எல்லாரும் வீட்டுக்குப் போனபின் அளந்தார். மஞ்சளாக இருக்கிற கரைசல் செங்கல் நிறத்துக்கு மாறினால் அளவு முடிந்தது என்று அர்த்தம். மாறவே இல்லை. ஊற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் மாறியபோது பதினோராயிரம். மூன்று முறை செய்தார். மூன்று முறையும் பதினோராயிரத்தை ஒட்டித்தான் வந்தது.

பாறைகள் நிரபராதிகள். கிணறு ஆறு நாள் கால்வாயைக் குடித்தது. அவர் ஏழாம் நாள் மட்டும் போய்க் கால்வாயைப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்த இடத்தில் கதையின் நாயகர் தலைவரின் அறைக்குள் போய் உண்மையை மேசைமேல் போட வேண்டும். நந்தகோபால் போனார், பாதி வரை.

"சார், செவ்வாய்க்கிழமை ஒரு நாள் ஜீப் கிடைக்குமா?"

டாக்டர் சுந்தரமூர்த்தி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எதுக்கு?"

"கிழமை மாத்தி மாதிரி எடுத்துப் பாக்கலாம்னு."

"மிஸ்டர் நந்தகோபால், ஒரே கிழமையில் எடுத்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். விஞ்ஞானத்துக்கு ஒழுங்கு முக்கியம். இது உங்களுக்கு மெட்ராஸில் சொல்லித் தரலையா?"

"சரி சார்."

அவ்வளவுதான். வெளியே வந்து பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னும் இரண்டரை வருடம் போனால் நிரந்தரம். நிரந்தரமானவன் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. தற்காலிக ஆள் பேசினால் அது தற்காலிகப் பேச்சு. நிரந்தரமானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மை எங்கே போய்விடப் போகிறது, கால்வாயில்தானே ஓடிக்கொண்டிருக்கிறது?

அதன் பிறகு இரண்டு வருடம் வெள்ளிக்கிழமை எண்களை அட்டவணையில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். மாதம் ஒரு செவ்வாய் மட்டும் யாருக்கும் தெரியாமல் போய் எடுத்து, மூன்றாவது ஒரு நோட்டில் எழுதிவைத்தார். கேனுக்கு ரப்பர் மூடி வாங்கியதில் பஸ் பிரச்சினை தீர்ந்தது. பிழைக்கத் தெரிந்தவர் என்று சொன்னேனே, அது இந்தக் காலம்தான்.

1981 பிப்ரவரியில் மூன்று வருட அறிக்கை தயாரானது. அதில்தான் அந்த அதிசயம் நடந்தது. பத்து வருடமாகக் கிழக்கு என்றால் மேற்கு என்று நின்ற இரண்டு தலைவர்களும் ஒத்துப்போனார்கள். டாக்டர் சுந்தரமூர்த்தி எழுதினார்: கால்வாய் நீரில் தொள்ளாயிரம், கிணற்று நீரில் இரண்டாயிரத்து எழுநூறு; எனவே கிணற்று உப்புக்குக் காரணம் டேனரி இல்லை, இயற்கை. டாக்டர் அருணகிரி ஒரு படி மேலே போய் எழுதினார்: கிணற்றை விடக் கால்வாய் மூன்று மடங்கு நல்ல நீர், எனவே உவர் நிலங்களுக்குக் கழிவுநீரையே பாய்ச்சி நிலத்தைத் திருத்தலாம். செயல்விளக்கத்துக்கு இடமும் குறித்துவிட்டார். கால்வாயை ஒட்டிய, வசதியான இரண்டு ஏக்கர். உரிமையாளர் மீனாம்பாள். நாள் முழுவதும், வாரம் முழுவதும் பாய்ச்ச வேண்டும் என்று திட்டம். ஆட்கள் போய்க் குச்சி நட்டு அளந்துவிட்டும் வந்தார்கள்.

ஒரு வரி கூடக் கணக்கில் தவறில்லை. எல்லா எண்ணும் நந்தகோபால் கொடுத்தவை.

அறிக்கையின் பிரதி ஒன்றைத் திங்கட்கிழமை சாயங்காலம் அவர் கையில் கொடுத்தார்கள். கூடவே டாக்டர் சுந்தரமூர்த்தி முதல் தடவையாக அவரை உட்காரச் சொன்னார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருறோம். நீங்க கையெழுத்துப் போடுறீங்க. உங்க பரிந்துரையும் அப்போவே. குவார்ட்டர்ஸ் ஒண்ணு காலியாகுது, வீட்டில் சொல்லி வையுங்க."

மறுநாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்பும் முன், அவர் மனைவி பங்கஜத்திடம் சொன்னார். ஆம்பூரில் ஒற்றை அறை வாடகை வீடு. பங்கஜத்துக்கு ஏழாம் மாதம். இட்லிப் பானையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்.

"கையெழுத்து போட்டா?"

"நிரந்தரம்."

"போடலன்னா?"

"ஜூன் மாசத்தோட சரி."

"அந்தம்மா நெலத்துல அந்தத் தண்ணி உட்டா இன்னா ஆவும்?"

"இப்பக் கேழ்வரகாவது வருது. ரெண்டு போகம் பாய்ச்சினா உப்பு ஏறி மண்ணே இறுகிக்கும். அப்புறம் புல்லுகூட வராது."

பங்கஜம் இட்லிகளைத் தட்டில் எடுத்து வைத்தார். பிறகு, "டேனரி லீவு அன்னிக்கித்தான் தண்ணி எடுக்கறேன்னு எங்கிட்ட ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னீங்களே. சிரிச்சிக்கினே சொன்னீங்க. அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லல."

"ஏன்?"

"நிரந்தரமானதும் சொல்லலாம்னு."

"சரி. இன்னிக்கி ஆயிடுவீங்க. நாளைக்குப் போய்ச் சொல்லிடுவீங்களா? நீங்க போட்ட கையெழுத்து தப்புன்னு நீங்களே சொல்லுவீங்களா?"

அவர் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் தான் என்ன செய்வார் என்பது அவருக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வரை பொறுக்கலாம் என்பார். பிறகு அடுத்த வெள்ளி. ஆள் அப்படி, ஏற்கனவே நூறு வெள்ளி அப்படிப் போயிருக்கிறது.

"இன்னாமோ பண்ணுங்க" என்றார் பங்கஜம். "ஆனா நான் குவார்ட்டர்ஸுக்கு ஆசப்பட்டேன்னு என் தலையில போடாதீங்க. இட்லி ஆறுது."

பதினோரு மணி. டாக்டர் சுந்தரமூர்த்தியின் அறையில் டாக்டர் அருணகிரி உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்க்க இரண்டு பிரிவிலிருந்தும் ஆட்கள் வராந்தாவுக்கு வந்து தாகமில்லாமல் தண்ணீர் குடித்தார்கள்.

"ஒவ்வொரு அட்டவணையிலும் மாதிரி எடுத்தவர் கையெழுத்து வேணும். முடிவுரையிலும் ஒண்ணு. அது இல்லாம அச்சுக்குப் போகாது. போடுங்க" என்றார் சுந்தரமூர்த்தி. பேனாவையும் திறந்து கொடுத்தார்.

நந்தகோபால் பேனாவை வாங்கிக்கொண்டார். "சார், இந்த அட்டவணையில இருக்கறது எல்லாம் வெள்ளிக்கிழமை."

"அதனால என்ன?"

"வெள்ளிக்கிழமை டேனரி லீவு சார்."

அருணகிரி சுந்தரமூர்த்தியைப் பார்த்தார். சுந்தரமூர்த்தி மின்விசிறியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஜீப் அவருக்கு ஏன் தேவைப்படவில்லை என்பது அந்த அறையில் மற்ற இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றார் அருணகிரி.

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமாத் தெரிஞ்சே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னிக்கு மட்டும் கை வலிக்குதோ?"

மூன்று வருடத்தில் அந்த நிலையத்தில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் இருந்தது.

"தப்புதான் சார். அதுவரைக்கும் வெறும் எண்ணுக்குத்தானே போடறோம்னு இருந்தேன். இது ஒருத்தர் நிலத்துக்குப் போடறது."

மூன்றாவது நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். செவ்வாய்க்கிழமைகள். இருபத்திரண்டு செவ்வாய்.

சுந்தரமூர்த்தி ஒரு பக்கத்தைப் புரட்டினார். "ஆய்வு எண் எங்கே?"

"இல்ல சார்."

"ஜீப் குறிப்பேட்டில் பதிவு?"

"பஸ்ல கொண்டுவந்தேன்."

"பஸ்ஸில் வந்த தண்ணீரை நிலையம் ஏற்க முடியாது" என்றார் அருணகிரி.

"சில்வர் நைட்ரேட் ஏது?" என்றார் சுந்தரமூர்த்தி.

"மிச்சம் இருந்தது."

"அரசாங்க வேதிப்பொருள்" என்றார் அருணகிரி.

ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கினார். பத்து வருடம் பேசாதவர்கள் போலவே இல்லை. "அறிக்கையில் கையெழுத்தை மட்டும் போடுங்க. வெள்ளிக்கிழமைங்கறது அட்டவணையில் இல்லை, யாரும் கேட்கப் போறதில்லை" என்று கடைசியாக ஒருமுறை நல்ல விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். நந்தகோபால் பேனாவை மூடி, அதன் சொந்தக்காரர் பக்கமாகத் தள்ளிவைத்தார். தைரியம் என்று சொல்ல முடியாது. மூடுவதற்குள் மூடி இரண்டு தடவை கீழே விழுந்தது.

அன்று பிற்பகல் இரண்டு பிரிவுத் தலைவர்களும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையெழுத்திட்டு ஒரு குறிப்பு அனுப்பினார்கள். இளநிலைக் கூட்டாய்வாளரைப் பரிந்துரைக்க இயலவில்லை. கூட்டாய்வு நிலையம் எடுத்த முதல் கூட்டு முடிவு அது.

ஜூன் மாதம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஜியாவுதீன் வந்து பார்த்துவிட்டுத் தன் முதலாளி ரஷீத் அஹமதிடம் கூட்டிக்கொண்டு போனார். முதலாளி இரண்டு கேள்வி கேட்டார்: உப்பு அளக்கத் தெரியுமா, எப்போது வர முடியும். ஒரே பிற்பகலில் நிரந்தரம். அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் அனுப்புகிற டேனரியிலேயே அவர் கெமிஸ்ட் ஆனார். பிழைக்கத் தெரியாதவர் என்று சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

அங்கே சேர்ந்த முதல் வருடம், தோலை ஊறப்போடும் முன் உப்பைத் தட்டிவிட்டால் பாதி உப்பு தண்ணீருக்கே போகாது என்று சொன்னார். முதலாளி ஒப்புக்கொண்டார். நாலு பேரை வைத்துத் தட்டினார்கள். தட்டிய உப்பைக் கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குவித்தார்கள். ஐப்பசியில் மழை வந்தது. குவியல் இரண்டே நாளில் கால்வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த வருடம் கூரை போடச் சொன்னார். கூரை வர நாலு வருடம் ஆயிற்று.

நிலையத்தின் அறிக்கைக்கு நேர்ந்த கதி ஜீப் ஓட்டுநர் சம்பந்தம் மூலமாகத் தெரிந்தது. மாதிரி எடுத்தவர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்கு அனுப்ப வழியில்லை. 1982இல் அதே பதவிக்கு இன்னொரு இளம் விஞ்ஞானி வந்தார். அவரைக் கையெழுத்திடச் சொன்னார்கள். மாதிரி எடுத்த தேதியில் தான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்ததாக அவர் எழுதிக் கொடுத்துவிட்டு, எட்டு மாதத்தில் ஒரு பாங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கையெழுத்து விதியைத் தளர்த்தலாம் என்றால் அதற்கு ஒரு பிரிவு கோப்பைத் தொடங்க வேண்டும். மண்ணியல் தொடங்கட்டும் என்றது தோல். தோல் தொடங்கட்டும் என்றது மண்ணியல். அறிக்கை அப்படியே நின்றது. மீனாம்பாளின் நிலத்துக்குக் கழிவுநீர் வரவில்லை.

மூன்று வருடம் அளந்ததில் அல்ல, கையெழுத்துக்கான ஒரு இடத்தை வெறுமனே விட்டதில்தான் நந்தகோபாலின் ஆராய்ச்சி பயன்பட்டது. அவர் அதை வீட்டில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் காரியத்துக்கு வந்தவர்களிடம் சொல்ல வீட்டாருக்கு ஏதாவது இருந்திருக்கும்.

1984இல் ஒருநாள் ஆம்பூர் பஸ் நிலையத்தில் மீனாம்பாள் அவரைப் பிடித்துக்கொண்டார். தலையில் கூடை, கையில் பை.

"சாரு, அந்த ஆபீஸ்ல இப்ப இல்லியாமே நீங்க?"

"இல்லம்மா. கேழ்வரகு எப்படி?"

"பாதி வந்துச்சு, பாதி போச்சு. அத உடுங்க. அந்த ஆபீசுக்காரங்க எங்க நெலத்துக்கு சும்மாவே தண்ணி உடறேன்னு குச்சி நட்டுட்டுப் போனாங்க. மூணு வருஷம் ஆவுது, ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. நானும் வாய்க்காலெல்லாம் வெட்டி வெச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான? இன்னா ஆச்சுன்னு கேக்கக் கூடாதா?"

குளோரைடு, வெள்ளிக்கிழமை, ஆய்வு எண், மில்லி ஈக்விவலென்ட். எதிலிருந்து தொடங்குவது? பஸ் வேறு உறுமிக்கொண்டிருந்தது.

"கேட்டேம்மா. ஒரு கையெழுத்து கொறையுதாம்."

"ஒரே ஒரு கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"எவன் அவன்?" மீனாம்பாள் கூடையைக் கீழே வைத்தார். "ஒரு ஏழைக்கு ஒரு கையெழுத்து போடக்கூடக் கை வராத பாவி? அவன் நல்லா இருப்பானா சாரு, நீங்களே சொல்லுங்க?"

நந்தகோபால் கூடையைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்து, அவருக்கு ஜன்னல் ஓரமாக ஒரு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்.